நாவ மரத்துக்கு டைல்ஸ் போட்ட கதை

கண்ணை மூடு மொதல்ல. மூடிட்டியா? என் வயித்து மேல இருந்து காலை எடு, பொம்மி. பெரியம்மா என்ன மெத்தையா? ம், சொல்றேன். நடுநடுவுல நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நானும் தூங்கிருவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு நாவ மரம் இருந்துச்சாம். ஊருன்னா பெரிய ஊரு இல்ல. காலையில ஒரு பஸ்ஸு வரும், சாயங்காலம் அதே பஸ்ஸு திரும்பி வரும், அவ்வளவுதான். ஆனா மரம் பெருசு. நாலு பேரு கையைக் கோத்துக்கிட்டு நின்னாத்தான் அதைக் கட்டிப்பிடிக்க முடியும். ஆனி மாசம் பொறந்தா போதும், பொத்து... பொத்து... பொத்துன்னு பழம் விழும். கன்னங்கரேல்னு, உன் கண்ணு முழி மாதிரி. அப்போ அந்த ஊர்ல யாரு நாக்கை நீட்டினாலும் ஊதா கலருதான். பள்ளிக்கூடத்துக்கு லேட்டா வர்ற புள்ளைங்கள டீச்சர் ஏன்னே கேக்க மாட்டாங்க. "நாக்கை நீட்டு"ம்பாங்க. நீட்டுனா தெரிஞ்சு போயிரும், எங்க நின்னுட்டு வருதுன்னு. நீ எதுக்கு இப்ப நாக்கை நீட்டுற? உள்ள போடு.

அப்புறம், அந்த ஊர்ல ஆராயின்னு ஒரு அம்மா. புருசன் இல்ல, ஒரே ஒரு மகன், அடைக்கலம்னு பேரு. அந்தம்மா பழைய சேலை ஒண்ணை மரத்துக்குக் கீழ விரிக்கும். அடைக்கலம் சரசரன்னு மேல ஏறி, கிளையைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்குவான். பொலபொலபொலபொலன்னு கொட்டும். அள்ளிக் கூடையில போட்டு, உப்புத் தூவி, டவுன் பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விக்கும். அப்படி வித்துத்தான் அவனை வளத்துச்சு. தினமும் கூடையைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு குடம் தண்ணியை மரத்தடியில ஊத்திட்டுத்தான் கெளம்பும். "எம்புட்டுப் பழம் வாங்கிட்டோம், ஒரு குடம் தண்ணி கூட குடுக்கலைன்னா அது என்ன நெனைக்கும்?"னு சொல்லும்.

"மரம் நெனைக்குமா பெரியம்மா?"

ஆராயி அப்படித்தான் சொல்லுச்சு. எனக்கென்ன தெரியும். "ம்" கொட்டு.

"ம்."

அப்புறம் அடைக்கலம் வளந்தான். டைல்ஸ் போடுற வேலை கத்துக்கிட்டான். கத்துக்கிட்டான்னா அப்படிக் கத்துக்கிட்டான், துபாய்ல இருந்து ஆளு வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க வானம் முட்டக் கட்டடம், அதுல மாடிக்கு மாடி பாத்ரூம், எல்லாத்துக்கும் அடைக்கலம்தான் டைல்ஸ். அவனுக்கு ஒரு பெருமை. "நான் போட்ட தரையில ஒரு சொட்டுத் தண்ணி கீழ எறங்காது"ன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்லுவான். வேலை முடிஞ்சதும் சிமெண்டு பூசுற கரண்டிக் காம்பால ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாப்பான். இந்தா, நம்ம தரையிலயே தட்டிக் காட்டுறேன். டொக். டொக். கேட்டுச்சா? இது நல்லா ஒட்டியிருக்குன்னு அர்த்தம். அடியில மண்ணு எறங்கி வெத்தா கெடந்தா டொங்ங்க்னு சத்தம் வரும். காதை வெச்சே சொல்லிருவான், அடியில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு.

"நானும் தட்டுறேன்."

காலையில தட்டு. படு.

அப்போ ஒரு நாளு, அவன் அங்க இருக்கும்போது, இங்க ஆராயி செத்துப் போச்சு. போன் வந்துச்சு. விமானம் கெடைக்கல, லீவு குடுக்கல, அது இதுன்னு பதினோரு நாளு கழிச்சுத்தான் வந்து சேந்தான். மொகத்தைக் கூடப் பாக்கல. வீட்டைத் தெறந்தா கூடை மட்டும் ஆணியில தொங்குது. அவன் அழுத அழுகையைப் பாத்து ஊரே அழுதுச்சு. பாவம்டா குட்டி, பெத்தவ மொகத்தைக் கடைசியா பாக்காம போறது பெரிய கொடுமை.

"ம்."

அழுது முடிச்சுட்டு எந்திரிச்சான். "எங்காத்தா பேரு இந்த ஊர்ல அழியவே கூடாது. அது நின்ன இடம் இந்த மரம். இதுக்கு நான் ஒண்ணு செய்யப் போறேன், பாருங்க!"ன்னான். என்ன செய்வான்? அவனுக்குத் தெரிஞ்சது என்ன?

"டைல்ஸ்!"

அதேதான். மரத்தைச் சுத்தி இடுப்பு ஒசரத்துக்கு மேடை கட்டுனான். உள்ள மண்ணை ரொப்பி, மேல ஜல்லி, சிமெண்டு, அதுக்கு மேல வெள்ளை டைல்ஸ். பளபளன்னு, மொகம் பாக்கலாம். மரத்தோட ஒட்டி, ஒரு விரல் போக எடமில்லாம, இடுக்கு எல்லாம் வெள்ளை சிமெண்டு வெச்சு மெழுகிட்டான். அடிமரத்துக்கு முன்னாடி ஒரு கறுப்புக் கல்லு. அதுல தங்க எழுத்துல, "ஆராயி அம்மாள் நினைவாக, மகன் அடைக்கலம், துபாய், உபயம்." துபாய்ங்கிற எழுத்துதான் எல்லாத்தையும் விடப் பெருசு.

ஊரே வந்து வாயைப் பொளந்துச்சு. "ஆகா! எந்த ஊர்ல மரத்துக்கு இப்படி மரியாதை செஞ்சிருக்காங்க?"னு தடவித் தடவிப் பாத்தாங்க. அவனோட பெரியப்பா மக செல்லக்கிளின்னு ஒருத்தி, ஆடு மேய்க்கிறவ, அவ மட்டும் தொரட்டிக் கம்பை ஊனிக்கிட்டு நின்னு பாத்துட்டு, "ஏன்டா தம்பி, மரம் குளிக்கப் போகுதா? பாத்ரூம் கட்டி வெச்சிருக்கே?"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அவனுக்குக் கோவம். "போக்கா, உனக்கு ஆட்டுப் புழுக்கையைத் தவிர என்ன தெரியும்?"னுட்டான்.

"ம்."

அப்போ ஆனி மாசம் வந்துச்சு. பொத்து. முத பழம் டைல்ஸ் மேல விழுந்துச்சு. வெள்ளை டைல்ஸ்ல ஊதாவா ஒரு தெறிப்பு. பொத்து, பொத்து, பொத்து. மைனா வந்துச்சு, கிச்கிச். அணில் வந்துச்சு, கீக்கீக். வௌவால் கொட்டையைத் துப்பிட்டுப் போச்சு, த்தூ. புள்ளைங்க பழத்தை மிதிச்ச காலோட திங்குதிங்குன்னு ஓடுதுங்க. மறுநாளு பாத்தா மேடை முழுக்க மை கொட்டுன மாதிரி!

அடைக்கலத்துக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். "எங்காத்தா மேடையைப் பாழாக்கிட்டீங்களேடா!"ன்னு கத்திட்டு ஒரு பலகை எழுதி வெச்சான்: "செருப்போடு ஏறாதீர்." மறுநாளும் கறை. ரெண்டாவது பலகை: "மேடையில் உட்காராதீர்." அதுக்கு மறுநாளும் கறை. மூணாவது பலகை: "பழம் பொறுக்காதீர்." அந்த மூணாவது பலகையோட தலையில ஒரு காக்கா உக்காந்து, பழத்தை மெதுவா, மெதுவாத் தின்னுச்சு.

"காக்காவுக்குப் படிக்கத் தெரியாது."

அது சரி, அடைக்கலத்துக்கு அது தெரியலையே! பாத்ரூம் கழுவுற ஆசிட்டை வாங்கியாந்து பரட்டுப் பரட்டுன்னு தேச்சான். வலை வாங்கி மரத்தைச் சுத்திக் கட்டுனான். புள்ளைங்க தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருச்சுங்க. டீச்சர் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னா எல்லாம் வெளுத்துப் போயிக் கெடக்கு. அப்புறம் அவன் துபாய்க்குப் போயி, அடுத்த வருசம் அதே ஆனி மாசம் வந்தான். வந்து பாத்தா மேடை அப்படியே வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு கறை கெடையாது. "பாத்தீங்களா! சொன்னாக் கேக்கணும், எம்புட்டு சுத்தமா இருக்கு!"ன்னு சந்தோசமா சுத்திச் சுத்தி வந்தான்.

செல்லக்கிளி சொன்னா, "டேய் முட்டாப் பயலே, கீழயே பாத்துக்கிட்டு இருக்கியே, கொஞ்சம் மேல பாருடா."

அண்ணாந்து பாத்தான். ஒரு பழம் இல்ல. ஒரு காய் இல்ல. இலை எல்லாம் பழுப்படிச்சுக் கெடக்கு. காத்தடிச்சா சலசலன்னு கேக்குமே அந்த மரம், இப்ப கரகரன்னு கேக்குது. சின்னப் புள்ளையில அவன் ஏறி உலுக்குவானே ஒரு கிளை, அது நுனியில இருந்து காஞ்சு வந்துக்கிட்டு இருக்கு.

அடைக்கலம் வலையைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்தே நின்னான். ஆத்தா போன போது பக்கத்துல இல்ல. இப்போ ஆத்தா நின்ன மரமும் கண்ணு முன்னாடி போயிருமோன்னு பயம். "எப்பாடு பட்டாவது இதைப் பொழைக்க வெச்சுரணும், சாமி!"ன்னு கும்பிட்டான். துபாய் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டான்.

"ம்... அப்புறம்?"

அப்புறம் மொதல்ல ஊரு கூடிப் பேசுச்சு. "மரத்துக்குக் கண்ணு பட்டுருச்சு. இருபத்தோரு குடம் பால் ஊத்துவோம்"னாங்க. மேளம் டும்டும்டும்னு அடிச்சுக்கிட்டு வந்து பாலை ஊத்துனாங்க. பாலு என்னாச்சு? டைல்ஸ் மேல சலசலன்னு ஓடி, ஓரத்துல வழிஞ்சு, தெருவுல எறங்கிருச்சு. ஊரு நாய் எல்லாம் வந்து சளப்புச் சளப்புன்னு நக்குச்சு. ஒரு மாசம் நாய்ங்க கொழுத்துச்சு. மரம் தேறல.

ரெண்டாவது, டவுன்ல உரக்கடைக்காரரு ஒருத்தர் சொன்னாருன்னு ஒரு கேன் நெறையப் பச்சை மருந்து வாங்கியாந்து ஊத்துனான். குபுக்குபுக்குன்னு. அதுவும் சலசலன்னு ஓடிப் போயிப் பக்கத்துச் சாக்கடையில விழுந்துச்சு. பத்தே நாள்ல சாக்கடையில கோரைப்புல்லு ஆளு ஒசரம் வளந்து நிக்குது! மரத்துல ஒரு துளிரு இல்ல.

"பெரியம்மா! அது உள்ளயே போகல!"

சும்மா இருடி. ஊருக்கே தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்.

"ஆனா டைல்ஸ் இருக்குல்ல, அதான்..."

உஷ். நான்தானே கதை சொல்றேன்? மூணாவதா, தண்ணி லாரியையே கொண்டாந்து நிறுத்திட்டான். ஊரு பூராவும் கூடிருச்சு. பைப்பைத் தெறந்து விட்டாங்க. சர்ர்ர்ர்ருன்னு தண்ணி. ஒரு லாரித் தண்ணி! மேடை மேல பாஞ்சு, அருவி மாதிரி விழுந்து, தெருவுல ஓடுது. புள்ளைங்க காகிதக் கப்பல் விடுதுங்க. செல்லக்கிளியோட ஆடு எல்லாம் மே மேன்னு கத்திக்கிட்டுத் திண்டாடுதுங்க. தண்ணியெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் மேடையைப் பாத்தா, ஈரம் கூட இல்ல. வெயில்ல பளிச்சுன்னு காஞ்சு கெடக்கு.

கூட்டத்துல ஒருத்தன் சொன்னான், "அடேங்கப்பா, அடைக்கலம் வேலைன்னா வேலைதான்யா. ஒரு சொட்டு கீழ எறங்கலையே!"

பாராட்டத்தான் சொன்னான், பாவம். ஆனா அடைக்கலத்துக்குச் சிரிக்க வாய் வரல. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அவன் மட்டும் மேடையில உக்காந்தான். 'உட்காராதீர்'னு அவன் எழுதுன ரெண்டாவது பலகைக்கு எதுத்தாப்புலயே உக்காந்தான். கையில கரண்டி இருந்துச்சு. பழக்கம், கை சும்மா இருக்குமா? தட்டுனான். டொக். டொக். ஓரத்துல நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் உள்ள தட்டுனான். டொக். இன்னும் உள்ள, மரத்துக்கிட்ட...

டொங்ங்க்.

நிமிந்து உக்காந்தான். பக்கத்து டைல்ஸைத் தட்டுனான். டொங்ங்க். அதுக்குப் பக்கத்துலயும் டொங்ங்க். தவழ்ந்துக்கிட்டே மரத்தைச் சுத்தித் தட்டுறான், எங்க தட்டுனாலும் டொங்ங்க், டொங்ங்க், டொங்ங்க். அடியில மண்ணு எறங்கிருச்சு. அடி மண்ணு எப்போ எறங்கும்? ஈரமே இல்லாமச் சுண்டிச் சுருங்குனா எறங்கும். இது அவனுக்கு யாரும் சொல்லித் தரணுமா? காதை வெச்சே சொல்றவனாச்சே!

"ம்!"

கரண்டியைத் திருப்பி ஒரே போடு. படார்! ஒரு டைல்ஸ் ஒடைஞ்சுச்சு. அடியில சிமெண்டையும் கொத்திக் கையை உள்ள விட்டான். மண்ணு சாம்பல் மாதிரி பொடியா இருக்கு. விரல்ல என்னமோ தட்டுச்சு. குனிஞ்சு பாத்தான். ஒரு வேரு. உன் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். மேல வழி தேடி வந்து, சிமெண்டுல முட்டி, போக எடமில்லாம அப்படியே தட்டையா ஒட்டிக்கிட்டுக் காஞ்சு கெடக்கு.

அடைக்கலம் அந்த வேரைத் தொட்டுக்கிட்டே ஓன்னு அழுதான். "யக்கா! செல்லக்கிளியக்கா! நானே மூச்சை அடைச்சுட்டேனேக்கா! நல்லது செய்யறேன்னு நானே செஞ்சுட்டேனேக்கா!"

செல்லக்கிளி ஆட்டை விட்டுட்டு ஓடியாந்தா. பாத்தா. அவ வையப் போறான்னு நெனச்சியா? வையல. ஓடிப்போயி ஒரு குடம் தண்ணி கொண்டாந்து அந்த ஓட்டையில ஊத்துனா. குளுக்... குளுக்... குளுக்... குளுக்... ஊத்த ஊத்தப் போகுது. குடம் காலியாயிருச்சு, ஓட்டை நெறையல. இன்னொரு குடம். குளுக் குளுக் குளுக். "தாகத்தைப் பாரேன்!"னு சொல்லிட்டு அவளும் மூக்கைச் சிந்துனா.

மறுநாளு காலையில கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு ஊரே வந்துச்சு. டம்! டம்! டமார்! ஓரத்துல இருந்து ஒடைச்சுக்கிட்டே வந்தாங்க. பலகை மூணையும் புடுங்கி ஆட்டுப்பட்டிக்குக் கதவாக்கியாச்சு. வலையை அறுத்தாச்சு. கடைசியா அந்தக் கறுப்புக் கல்லுக்கிட்ட வந்ததும் எல்லாரும் கடப்பாரையைக் கீழ வெச்சுட்டாங்க. "வேணாம்ப்பா. ஆத்தா பேரு இருக்கு. இதை மட்டும் விட்டுருவோம்"னாங்க. ஆனா கல்லு இருக்கறது சரியா பெரிய வேரு மேல, சிமெண்டோட இறுகிப் போயி, ஒடைக்காம வராது. அதை எடுத்தாத்தான் அடியில அடிச்ச சிமெண்டை ஒடைக்க முடியும்.

அடைக்கலம் கல்லைப் பாக்குறான், மரத்தைப் பாக்குறான். "எங்காத்தா பேரை என் கையாலயே எப்படிக்கா ஒடைப்பேன்?"னு செல்லக்கிளிகிட்டக் கேட்டான்.

அவ சொன்னா, "டேய் தம்பி, சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுடா. இந்தக் கல்லு முன்னாடி அது வந்து நின்னா, இது தன்னோட பேருன்னு கூட அதுக்குத் தெரியாது. 'என்னடா இது, கால் தடுக்குது'ன்னுதான் கேக்கும்."

அவனுக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. அவங்க ஆத்தா அப்படித்தான் கேக்கும். வேட்டியை மடிச்சுக் கட்டுனான். கடப்பாரையை ஓங்குனான். டமார்! ஆராயி ஒரு பக்கம், அடைக்கலம் ஒரு பக்கம், துபாய் மூணு துண்டு.

பொம்மி?

"...ம்."

முழிச்சுத்தான் இருக்கியா. இன்னும் கொஞ்சம்தான்.

அப்புறம் உடனே பழம் காச்சுருச்சுன்னு நெனைக்காத. மரம் என்ன மனுசனா, மன்னிச்சேன்னு உடனே சொல்ல? மொத வருசம் சும்மா நின்னுச்சு. அடைக்கலம் துபாய்க்குப் போகல. தினமும் காலையில ஒரு குடம் தண்ணி ஊத்துவான், விழுந்த சருகைக் கூட்டி மரத்தடியிலயே போடுவான். அப்புறம் பக்கத்து ஊர்ல டைல்ஸ் வேலைக்குப் போவான். வாசல்ல மரம் இருக்கற வீடுன்னா, மரத்தைச் சுத்தி ஆறடி மண்ணு விட்டாத்தான் வேலையையே தொடுவான். "என்னப்பா, பாதியில விட்டுட்டே?"ன்னு வீட்டுக்காரங்க கேட்டா, "இது மரத்தோட எடம்ங்க, இதுல எனக்கு வேலையில்ல"ம்பான். சில பேரு வேற ஆளை வெச்சுக்கிட்டாங்க. போகட்டும்னு விட்டுட்டான்.

ரெண்டாவது வருசம் துளிரு விட்டுச்சு. செவப்பா, பட்டு மாதிரி. காஞ்ச கிளை காஞ்சதுதான், அது திரும்பல. மத்ததெல்லாம் சலசலன்னு பேச ஆரம்பிச்சுருச்சு. மூணாவது வருசம், ஆனி மாசம், அடைக்கலம் வேலைக்குப் போகச் சைக்கிளை எடுக்கறான். எதுத்தாப்புல ஒரு பொடிப் பொண்ணு ஓடி வருது, பையைத் தூக்கிக்கிட்டு, பள்ளிக்கூடத்துக்கு லேட்டா. வாயெல்லாம் ஊதா. சட்டையெல்லாம் ஊதா. ஊருக்குப் புதுசா குடி வந்தவங்க வீட்டுப் புள்ளை.

"ஏய் குட்டி, எங்க போயிட்டு வர்றே?"ன்னான்.

"ஆராயிகிட்டப் போயிட்டு வர்றேன்"னுச்சு.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு, "ஆராயியா? அது யாரு?"ன்னான்.

அந்தப் பொண்ணு, இவனுக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு ஒரு பார்வை பாத்துச்சு. "ஆராயி தெரியாதா? அந்தா நிக்குதே பெருசா, அதான் ஆராயி. போனா பழம் தரும்"னு சொல்லிட்டு நாக்கை நீட்டிக் காட்டிட்டு ஓடிருச்சு.

அடைக்கலம் சைக்கிளை அப்படியே சாச்சான். நேரா மரத்தடிக்குப் போனான். கீழ அவங்க ஆத்தாவோட பழைய சேலை மாதிரி நெழலு விரிஞ்சு கெடக்கு. பொத்துன்னு ஒரு பழம் மண்ணுல விழுந்துச்சு. எடுத்து வாயில போட்டான். அன்னைக்கு வேலைக்குப் போகவே இல்ல. சாயங்காலம் செல்லக்கிளி ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து, "எங்கடா காணோம் உன்னைய?"ன்னு கேட்டா. அவன் நாக்கை நீட்டிக் காட்டுனான்.

பொம்மி? பொம்மீ? "ம்" எங்க?

சரி. கை மட்டும் தரையைத் தட்டிக்கிட்டே தூங்கிருச்சு கழுதை. கதை பழுத்துச்சு, பொத்துன்னு விழுந்துச்சு. கனவுல பொறுக்கிக்கோ, தூங்கு.